டீசல் வண்டியும் புகைவடிகட்டியும்

வண்டி வாகனங்களின் உள்ளமைப்பைப் பற்றிப் பேசுவதற்கு நான் உரிமை உடையவன் அல்லன். வரலாறும் தமிழும் கற்றுக் கற்பித்து, இன்று ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராக இருப்பவன். எனினும், சில காலத்துக்கு முன் எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒரு சம்பவம் என்னை இவ்விடயத்துள் இழுத்து விட்டது. இழுத்து விட்ட பின் விளங்கிக்கொள்ளாமல் இருத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. விளங்கிக்கொண்டதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லாமல் இருத்தலும் அழகன்று. ஆதலால் இன்று உங்கள் முன் வந்துள்ளேன்.

என் மனைவியின் தம்பி ஒரு கமக்காரர். விளைந்த மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றவும், காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கவும் டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினார். வண்டி பழையது, ஆனால் நல்ல நிலையில் இருந்தது. சில மாதங்கள் சென்றபின், சாரதியின் கண்முன் உள்ள பலகையில் மஞ்சள் நிற விளக்கொன்று எரிந்தது. சிறு பெட்டியொன்றினுள் புள்ளிகள் இட்டாற் போன்ற அடையாளம். வண்டி நன்றாகத்தானே ஓடுகின்றது என்று அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. இரவில் அது கண்ணை உறுத்தவே, அதன்மேல் கறுத்த நாடாத் துண்டொன்றை ஒட்டிவிட்டார்.

சில வாரங்களில் வண்டி வலுவிழந்தது. வெறும் வண்டியே மேட்டில் ஏற மறுத்தது. கராஜ் ஒன்றிற்குக் கொண்டு சென்றார். அங்கிருந்தவர், “புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கின்றது, அது அடைத்துவிட்டது. புதியது போடுவதாயின் பல இலட்சம் ரூபா செல்லும். உள்ளே இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு வெறுங்குழாயை ஒட்டிவிடுவோம். வண்டியின் கணினியையும் ஏமாற்றிவிடலாம்” என்று சொல்லியிருக்கிறார். அன்று மாலையே மைத்துனர் வண்டியின் ஆங்கிலக் கையேட்டுடன் என் வீட்டுக்கு வந்தார். “அத்தான், வெட்ட முந்தி இதிலை என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கால் பாருங்கோ” என்றார். அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியே இன்றைய பேச்சின் தொடக்கம்.

முதலில், அந்த வடிகட்டி அங்கே ஏன் இருக்கின்றது என்பதைப் பார்ப்போம். பெற்றோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை மின்பொறியினால் பற்றுகின்றது. உருடோல்ப் டீசல் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1890களில் உருவாக்கிய எஞ்சினில் மின்பொறி இல்லை. அங்கே காற்று மிகக் கடுமையாக அமுக்கப்பட்டுக் கொதிக்கின்றது. அந்தக் கொதிக்கும் காற்றினுள் எரிபொருள் பீச்சப்பட, அது தானே பற்றிக்கொள்கின்றது. பீச்சப்பட்ட துளிகள் எல்லாவற்றிற்கும் போதிய காற்று ஒரே கணத்திற் கிடைப்பதில்லை. காற்றுக் கிடையாத இடத்தில் எரிபொருள் அரைகுறையாக எரிந்து கரியாகின்றது. குப்பி விளக்கின் திரியை அளவுக்கு மேல் தூண்டினால் கண்ணாடி கறுத்துப் போவதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். டீசல் எஞ்சினின் கரியும் ஏறத்தாழ அத்தகையதே.

அந்தக் கரியை வெளியே விடாது பிடித்து வைப்பதே வடிகட்டியின் வேலை. கராஜ்களில் இதனை டீ.பீ.எவ். என்று மூன்று எழுத்தாற் சொல்வார்கள். வெப்பந் தாங்கும் பீங்கான் போன்ற பொருளினாற் செய்யப்பட்ட தேன்கூடு ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். அதில் நூற்றுக்கணக்கான நுண்ணிய குழாய்கள் அருகருகே ஓடுகின்றன. ஒரு குழாயின் முன்வாய் திறந்திருக்கும், பின்வாய் அடைத்திருக்கும். அடுத்த குழாயின் முன்வாய் அடைத்திருக்கும், பின்வாய் திறந்திருக்கும். உள்ளே புகுந்த புகை வெளியேற வேண்டுமாயின், இரண்டு குழாய்களுக்கும் நடுவே உள்ள நுண்டுளைச் சுவரை ஊடுருவியே செல்ல வேண்டும். வாயு சென்றுவிடும், கரி சுவரிலே தங்கிவிடும். நன்னிலையில் உள்ள வடிகட்டி கரித்துகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் பிடித்துவிடுகின்றது. ஐரோப்பாவில் 2009 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஐந்தாம் கட்டப் புகைவிதி, டீசல் கார் ஒன்று கிலோமீற்றர் ஒன்றுக்கு வெளிவிடத்தக்க துகளின் அளவை 25 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தது. அதன்பின் வடிகட்டி இல்லாத புதிய டீசல் காரை அங்கே காண்பது அரிதாயிற்று. பிக்கப் வண்டிகளும் அவ்வழியே சென்றன.

இனி, பிடித்து வைத்த கரி என்னாகும்? சேர்ந்துகொண்டே போனால் வழி அடைத்துவிடுமன்றோ? ஆகவே வடிகட்டி தன்னைத்தானே துப்புரவு செய்துகொள்ளும் ஓர் ஏற்பாடு உண்டு. கரியை எரித்துவிடுவதே அந்த ஏற்பாடு. நீண்ட வீதியில், பாரத்தோடு, ஒரே சீராக ஓடும் வண்டியின் புகை போதிய சூடாக இருக்கும். ஏறத்தாழ 250 முதல் 400 பாகை செல்சியஸ் வரையான சூட்டில், புகையிலுள்ள நைதரசன் ஈரொட்சைட்டு கரியை மெல்ல மெல்ல எரித்துக்கொண்டே வரும். சாரதி இதனை அறிய மாட்டார்.

அவ்வாறு எரியாமற் கரி மிகுந்தால், வண்டியின் கணினி தானே வேலையைக் கையேற்கும். சில வண்டிகளில் எஞ்சினுள்ளே சற்றுப் பிந்திய கணத்திலும், வேறு சில வண்டிகளில் புகைக்குழாயினுள்ளேயும் சிறிதளவு டீசலைக் கூடுதலாகப் பீச்சும். அந்த டீசல் வடிகட்டிக்கு முன்னால் உள்ள ஊக்கி அறையில் எரிந்து, புகையின் சூட்டை 600 பாகையளவுக்கு உயர்த்தும். அந்தச் சூட்டில் கரி எரிந்துபோகும். இதற்குப் பத்து முதல் இருபது நிமிடங்கள் வரை செல்லும். அவ்வேளையில் எஞ்சினின் ஓசை சிறிது மாறலாம். நின்றவிடத்துச் சுழற்சி கூடலாம். சூடேறிய வாடை வரலாம். வண்டியை நிறுத்திய பின்னும் விசிறி சுழன்றுகொண்டிருக்கலாம். இவை கோளாறுகள் அல்ல. துப்புரவு நடைபெறுகின்றது என்பதன் அடையாளங்கள்.

இவ்விடத்திலேதான் சிக்கல் தொடங்குகின்றது. இந்தத் துப்புரவுக்கு வேண்டியவை சூடும் நேரமும் ஆகும். என் மைத்துனரின் வண்டிக்கு அவை இரண்டும் கிடைக்கவில்லை. காலையில் மூன்று கிலோமீற்றர் தூரத்துப் பாடசாலை, பின் சந்தை, பின் தோட்டம். எஞ்சின் சூடாவதற்கு முன்னரே ஒவ்வொரு பயணமும் முடிந்துவிடுகின்றது. கணினி எரிப்பைத் தொடங்கினாலும், ஐந்தாம் நிமிடத்திலே சாவி திருப்பப்படுகின்றது. ஒன்றிரண்டு தடவை இவ்வாறு குறையில் விடுவதாற் கேடில்லை. வண்டி அடுத்த பயணத்தில் மீண்டும் முயலும். நாள்தோறும் குறையில் விட்டால் கரி மேலும் மேலும் சேரும். பாதியில் நின்ற எரிப்புக்காக எஞ்சினுள்ளே பீச்சிய டீசலோ, எரியாமல் வழிந்து எஞ்சின் ஒயிலுடன் கலக்கும். ஒயிலின் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடுகின்றது என்றால் மகிழ வேண்டா. அது ஒயில் நீர்த்துப் போகின்றது என்பதற்கான எச்சரிக்கை. அத்தகைய ஒயிலை உடனே மாற்றிவிடல் வேண்டும்.

இன்னுமொரு செய்தி எனக்கு வியப்பளித்தது. எரிபொருள் குறைவு என்னும் விளக்கு எரியும்போது பெரும்பாலான வண்டிகள் இந்த எரிப்பைத் தொடங்குவதே இல்லை. கூடுதல் டீசல் வேண்டுமாதலின், இருப்பதைக் காப்பதே அப்பொழுது கணினியின் நோக்கம். 2022 ஆம் ஆண்டில் நம் நாட்டில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அக்காலத்திலே சிறுகச் சிறுக நிரப்பும் பழக்கம் பலரிடம் ஒட்டிக்கொண்டது. என் மைத்துனரின் வண்டியிலும் குறைவு விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டே இருந்தது. தாங்கியில் காற்பங்கேனும் டீசல் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுதல் நன்று.

மஞ்சள் விளக்கு எரிந்தவுடன் செய்யத்தக்கது யாது? கையேடு சொல்வது மிக எளியது. வண்டியை நிறுத்தாதே, ஓட்டு. எஞ்சின் நன்கு சூடானபின், போக்குவரத்துக் குறைந்த நீண்ட வீதியில், சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள், ஒரே சீராக இருபது முப்பது நிமிடம் ஓட்டுதல் வேண்டும். ஒரு கியர் தாழ்த்தி ஓட்டினால் எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுழற்சிக்குக் குறையாமல் இருக்கும். புகையும் சூடாக இருக்கும். பெரும்பாலும் விளக்குத் தானே அணைந்துவிடும். ஆனால் அவ்விளக்கு மின்னத் தொடங்கினாலோ, எஞ்சின் அடையாளமிட்ட விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, வண்டி வலுவிழந்தாலோ, ஓட்டித் தீர்க்கும் கட்டம் கடந்துவிட்டது. கருவியை இணைத்து எரிப்பைத் தொடக்கவல்ல நிலையத்துக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். அளவுக்கு மிஞ்சிய கரி ஒரேயடியாகப் பற்றினால் பீங்கான் கூடு வெடித்து உருகிவிடலாம். ஆகவே கரியின் அளவைப் பார்த்தே அதனை எரிக்கலாமா, கழற்றித் துப்புரவாக்க வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். விளக்கை நாடாவினால் மறைப்பது இந்த முதற்கட்டத்தை இழப்பதேயாகும்.

எரிப்பு நடைபெறும் வேளையில் புகைக்குழாய் பெருஞ் சூடாயிருக்கும் என்பதை மறத்தல் ஆகாது. காய்ந்த புல்லின் மீதோ, வைக்கோல் பரந்த இடத்திலோ வண்டியை நிறுத்தினால் தீப்பற்றக்கூடும். சூடடிக்கும் காலத்தில் வயற்கரையில் வண்டி நிறுத்துவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

கரியைப் பற்றிச் சொன்னேன். சாம்பலைப் பற்றியும் சொல்லல் வேண்டும். அடுப்பில் விறகு எரிந்தபின் சாம்பல் எஞ்சுவது போல, வடிகட்டியிலும் எரியாத சாம்பல் ஒன்று மெல்லச் சேர்கின்றது. அது பெரிதும் எஞ்சின் ஒயிலில் உள்ள உலோகச் சேர்க்கைகளிலிருந்து வருவது. எத்தனை நீண்ட பயணம் சென்றாலும் அது நீங்காது. பல பதினாயிரம் கிலோமீற்றர் ஓடியபின், வடிகட்டியைக் கழற்றி, அதற்கென உள்ள கருவியினாலே துப்புரவு செய்வித்தல் வேண்டும். வண்டி கழுவும் இடத்தில் நீரை விசையோடு பாய்ச்சுவதால் உள்ளே உள்ள பூச்சும் கூடும் கெட்டுவிடலாம். சாம்பல் குறைந்த ஒயில்கள் இவ்வகை வண்டிகளுக்கென்றே உண்டு. கையேட்டில் குறித்துள்ள தரத்தை எழுதிக்கொண்டு போய் அதனையே கேட்டு வாங்குங்கள். டீசலிலும் அவ்வாறே. நம் நாட்டில் விற்கும் இரு வகையுள் சுப்பர் டீசலில் கந்தகம் குறைவு. கந்தகம் ஊக்கி அறையைக் கெடுப்பது. ஆகவே கந்தகம் குறைந்த டீசலைக் கையேடு கேட்குமாயின், லீற்றருக்குச் சில ரூபா மிச்சம் பிடிக்கப் போய்ப் பெருஞ்செலவைத் தேடிக்கொள்ளுதல் தகாது.

இதுவரை சொன்னவற்றால், குற்றமெல்லாம் சாரதியின் பழக்கத்திலேதான் என்று எண்ணிவிடாதீர்கள். வடிகட்டி அடைத்தது என்பது நோய் அன்று, நோயின் குறி. காய்ச்சற்காரனின் உடம்பிற் சூடு இருப்பது போன்றது. காரணம் வேறிடத்தில் இருக்கக்கூடும். பீச்சுகுழல் ஒழுகினால் கரி மிகும். டர்போவிலிருந்து காற்றுக் கொண்டுவரும் றப்பர்க் குழாய் வெடித்தால் காற்றுக் குறைந்து கரி மிகும். புகையின் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுள் விடும் வால்வு சிக்கிக்கொண்டாலும் அவ்வாறே. வடிகட்டியின் முன்னும் பின்னும் அமுக்கத்தை ஒப்பிடும் உணரிக்கு இரண்டு சிறு குழாய்கள் உண்டு. அவற்றுள் ஒன்று வெடித்தாலும் அடைத்தாலும் கணினி பொய்க் கணக்கையே பார்க்கும். இவற்றைத் தேடாமல் புதிய வடிகட்டியைப் போட்டால், அதுவும் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும்.

சில வேளைகளில் குற்றம் வண்டியைச் செய்தவரிடமே இருக்கலாம். அதற்கு அவுஸ்திரேலியாவில் நடந்த வழக்கொன்று சான்று. அங்கே 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரில் வரை விற்பனையான டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டிகளும், போர்ச்சுனர், பிராடோ வண்டிகளுமாக 264,170 வண்டிகள் அவ்வழக்கில் அடங்கின. வெண்புகையும் துர்நாற்றமும் வருகின்றன. விளக்கு அடிக்கடி எரிகின்றது. எத்தனை முறை கராஜுக்குக் கொண்டு சென்றாலும் தீரவில்லை என்பது உரிமையாளர்களின் முறைப்பாடு. விந்தை யாதெனின், அக்கோளாறு மணிக்கு நூறு கிலோமீற்றர் அளவான வேகத்தில் நெடுந்தூரம் தொடர்ந்து ஓடுகையிலேயே வெளிப்பட்டது. எந்த ஓட்டம் மருந்து என்று சொல்லப்படுகின்றதோ, அந்த ஓட்டமே அங்கே நோயை வெளிக்காட்டியது. ஊக்கி அறையின் முகப்பில் படிவுகள் சேர்ந்ததனால், எரிப்பு முறையாக நடைபெறவில்லை. 2018 இல் சாரதியே எரிப்பைத் தொடக்குவதற்கான பொத்தானொன்று சேர்க்கப்பட்டது. 2020 இலேயே முழுமையான திருத்தம் வந்தது. அவ்வண்டிகள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவில்லை என்று சமஷ்டி நீதிமன்றத்தின் நீதியரசர் மைக்கேல் லீ 2022 ஏப்ரிலில் தீர்ப்பளித்தார். வண்டியின் பெறுமதியில் நூற்றுக்குப் பதினேழரை வீதம் குறைவு என்று அவர் கணித்ததை மேன்முறையீட்டு நீதிபதிகள் 2023 இல் பத்து வீதமாகக் குறைத்தனர். இழப்பை எவ்வாறு அளவிடுவது என்னும் வினா அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை சென்றது; அது 2024 நவெம்பரில் தீர்ப்பளித்தது.

இவ்வழக்கிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. கையேடு சொன்னபடி ஒழுங்காக ஓட்டியும், ஒழுங்கான ஒயிலை ஊற்றியும் விளக்கு மீண்டும் மீண்டும் எரியுமாயின், “நீர் ஓட்டும் முறைதான் பிழை” என்னும் மறுமொழியோடு திரும்பி வந்துவிடாதீர்கள். விளக்கு எரிந்த நாளையும், ஓடிய தூரத்தையும், செய்த வேலையையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பற்றுச்சீட்டுகளைப் பேணுங்கள். எழுத்திலுள்ள சான்றுக்கு எங்கும் மதிப்புண்டு.

இனி, வெட்டி எறிந்துவிடலாம் என்ற அந்த யோசனைக்கு வருவோம். அதில் ஒரு கவர்ச்சி இருக்கின்றது என்பதை மறுக்கமாட்டேன். செலவு குறைவு, வண்டியும் வலுவாக ஓடும். பல இலட்சம் ரூபாவைக் கேட்டுத் திகைத்து நிற்கும் ஒரு கமக்காரருக்கு அது வரப்பிரசாதமாகவே தோன்றும். ஆனால் வடிகட்டி பிடித்துவைத்த கரி அதன்பின் எங்கே போகின்றது?

டீசற் கரியின் துகள்கள் மனிதரின் மயிரிழைப் பருமனில் நூற்றில் ஒரு பங்கிலும் சிறியன. மூக்கிலும் தொண்டையிலும் அவை தங்குவதில்லை; நுரையீரலின் ஆழத்தில் உள்ள காற்றறைகள் வரை செல்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், டீசல் எஞ்சினின் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று 2012 ஜூன் மாதத்தில் ஐயத்திற்கிடமின்றி வகைப்படுத்தியது. கண்ணுக்குக் கரும்புகை தெரியவில்லை என்பதனால் கரி இல்லை என்று கொள்ளலும் ஆகாது. மிகச் சிறிய துகள்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரித்தானியாவில் 2014 பெப்ரவரி முதல், ஆண்டுப் பரிசோதனையின்போது வடிகட்டி அகற்றப்பட்டிருக்கக் காணின் அவ்வண்டி தேர்வில் தவறியதாகவே கொள்ளப்படுகின்றது.

நான் பாடசாலை வாயிலில் காலைதோறும் நிற்பவன். பிள்ளைகளை இறக்க வரும் வண்டிகள் எஞ்சினை நிறுத்தாமலே வரிசையாக நிற்கும். வளர்ந்தவரின் முகத்தை விட முதலாம் வகுப்புப் பிள்ளையின் முகமே புகைக்குழாயின் உயரத்துக்குக் கூடிய அண்மையில் இருக்கின்றது. உடம்பின் நிறையோடு ஒப்பிட்டால், பிள்ளை வளர்ந்தவரிலும் கூடிய காற்றைச் சுவாசிக்கின்றது. இதனை நான் மைத்துனரிடம் சொன்னேன். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்த வாயிலாற்றான் வருகின்றனர். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, “அப்ப வெட்ட வேண்டாம் அத்தான், வேறை ஆரிட்டையும் காட்டுவம்” என்றார்.

வேறொரு நிலையத்தில் காட்டினோம். அங்கிருந்த இளைஞர் வடிகட்டியைத் தொடுமுன், எஞ்சினின் சூட்டைக் கருவியிற் பார்த்தார். எவ்வளவு தூரம் ஓடியும் அது உரிய அளவுக்கு ஏறவில்லை. எஞ்சினைச் சுற்றியோடும் நீரை அளவாக ரேடியேற்றருக்கு விடும் தேர்மோஸ்டாற் என்னும் சிறு உறுப்புத் திறந்தபடியே சிக்கியிருந்தது. எஞ்சின் சூடாகாமையினால் கணினி எரிப்பைத் தொடங்கவே இல்லை. அந்த உறுப்பை மாற்றி, கருவியினால் எரிப்பை நடத்தி, ஒயிலையும் மாற்றினார். புதிய வடிகட்டியின் விலையோடு ஒப்பிட்டால் செலவு மிகச் சிறிது. எல்லார்க்கும் இவ்வளவு எளிதாக முடியும் என்று நான் சொல்லவில்லை. உருகிப்போன கூட்டை மாற்றியே ஆக வேண்டும். ஆயினும் காரணத்தைத் தேடுமுன் வெட்டும் வாளை எடுத்தல் எந்த வைத்தியத்துக்கும் முறையன்று.

இப்பொழுது என் மைத்துனர் வாரத்துக்கு ஒரு நாள், தம் மரக்கறியைத் தாமே ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியால் வவுனியாச் சந்தைக்குப் போய் வருகின்றார். வடிகட்டிக்கு வேண்டிய ஓட்டமும் கிடைக்கின்றது. மரக்கறிக்குச் சற்று நல்ல விலையும் கிடைக்கின்றது. பலகையில் ஒட்டியிருந்த கறுத்த நாடாவை அவர் உரித்துவிட்டார். பாடசாலை வாயிலில் நிற்கும்போது எஞ்சினை நிறுத்தியும் விடுகின்றார்.

நேயர்களே, உங்கள் வண்டியிலும் அந்த மஞ்சள் விளக்கு ஒரு நாள் எரியலாம். எரிந்தால் கையேட்டை எடுத்துப் பாருங்கள். வாசிக்க இயலாவிடின் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டு செல்லுங்கள். எந்த ஊரிலும் அத்தகையவர் ஒருவரேனும் இருப்பார்.